நாற்பத்து நான்கு புகார்களும் ஒரு வாபஸ் கடிதமும்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் மருமகளை லேப்டாப் முன்னால் வாயைப் பிளந்தபடி உட்கார வைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். வாய் மட்டும் மூடியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் இதுதான். மாநகரக் காவல்துறை பகுதிவாரியாகக் குற்றங்களை எண்ணி ஒரு வரைபடம் வெளியிட்டிருந்தது. பச்சை என்றால் நிம்மதி. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் பூட்டின் மேல் பூட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நகரம் முழுவதிலும் ஒன்பது பகுதிகள் சிவப்பு. அதில் ஒன்று, எட்டரை மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுக் குறட்டை விடும் நம்முடைய இந்த நான்கு தெருக்கள்.

மற்றவர்களுக்கு இது வம்பு பேச ஒரு விஷயம். மருமகளுக்குப் பிழைப்பு. வீட்டின் கீழ்த்தளத்தில் ஆறு வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வரைபடம் வந்த வாரத்திலேயே பதினான்கு குழந்தைகள் பதினொன்றாகிவிட்டார்கள். போதாததற்கு, சிவப்புப் பகுதிக் காப்பகங்களை நேரில் பார்த்த பிறகுதான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்று உத்தரவு. ஆய்வாளர் அம்மா இன்று மூன்று மணிக்கு வருகிறார்.

அப்படி என்னதான் குற்றம் நடக்கிறது இங்கே என்று வரைபடத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிப் பார்த்தபோதுதான் அவள் வாய் பிளந்தது. ஒரு வருடத்தில் ஐம்பத்தெட்டுப் புகார்கள். 'பூந்தொட்டி இடம் மாற்றப்பட்டுள்ளது.' 'கொடியில் காய்ந்த துண்டு மாயம்.' 'தெருவிளக்குக் கம்பத்தில் அடையாளம் தெரியாதோர் கிறுக்கல்.' புகார் கொடுத்தவரின் பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அந்தத் துண்டை அவள்தான் துவைத்துப் போட்டிருந்தாள்.

எண்ணினாள். எதையும் முழுதாகப் படிக்கவில்லை, எழுதிய தோரணையே போதுமாக இருந்தது. ஐம்பத்தெட்டில் நாற்பத்து நான்கு, மாடியில் குடியிருக்கும் சொந்த மாமனாருடையவை.

மாமனார் முப்பத்தொரு வருடம் தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு கவுண்டரில் உட்கார்ந்தவர். யார் என்ன சொன்னாலும் எழுதி, நம்பர் போட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர். எழுதி நம்பர் வாங்கினால்தான் ஒரு விஷயம் நடந்ததாகவே அவருக்கு அர்த்தம். ஓய்வு பெற்ற பிறகு கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இந்தப் பக்கம் வந்தார், அவ்வளவுதான். காப்பகத்துக் குழந்தைகள் அவரை 'நம்பர் தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

காலை ஏழரை மணிக்கு, அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள்.

"மாமா, இது என்ன?"

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "நான் குடுத்ததுதான். தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்காங்க. திருத்தச் சொல்லணும்."

"துண்டு காணாம போனதுக்கெல்லாம் போலீஸ்ல புகாரா மாமா?"

"திருட்டுல சின்னது பெருசு உண்டா?"

"அது பக்கத்து வீட்டு பால்கனியில விழுந்து கிடந்துச்சு. நீங்களே போய் எடுத்துட்டு வந்தீங்க."

"அதுக்குள்ள நம்பர் வாங்கிட்டேனே. வாங்கின நம்பரைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் கிடையாது."

மருமகள் மனதுக்குள் பத்துவரை எண்ணினாள். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வித்தை. குழந்தைகளிடம் மட்டும்தான் பலிக்கிறது.

"சரி, பதினேழாவது நம்பர். 'காரின் மேல் அசைவற்ற மர்மப் பொருள்.' இது என்ன?"

"பூனை."

"பூனையா!"

"அப்போ தெரியலைம்மா. அது அசையவே இல்லை."

அவள் தலையில் அடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கணவனுக்குப் போன் போட்டாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு கட்டடத்தின் வயிற்றுக்குள் இருப்பான்.

"ஏங்க, நம்ம தெருவைச் சிவப்பாக்கினது யாரு தெரியுமா? உங்கப்பா."

"எத்தனாவது மாடி?"

"என்னது?"

"உன்கிட்ட கேக்கலை, இங்க ஒருத்தர் மாட்டியிருக்காரு. நீ சொல்லு."

சொன்னாள். பூனை வரைக்கும் சொன்னாள். அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்பாகிட்ட நைசா பேசிப் பாரு."

"நீங்க வந்து பேசுங்க. உங்கப்பாதானே?"

"நான் இப்போ ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கறேன்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க அங்கேதான் நிக்கறீங்க," என்று போனை வைத்தாள்.

அடுத்து காவல் நிலையத்துக்குப் பேசினாள். மேஜையில் இருந்த காவலர் ஒரு வழி சொன்னார். வாபஸ் வாங்கிய புகார் கணக்கில் வராது. கடிதம் கொடுத்தால் அன்றைக்கே கம்ப்யூட்டரில் நீக்கிவிடலாம். வரைபடம் மதியத்துக்குள் தானாக மாறிவிடும்.

பத்தே நிமிடத்தில் கடிதத்தை அடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். 'கீழ்க்காணும் நாற்பத்து நான்கு புகார்களையும் என் சொந்த விருப்பத்தின் பேரில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' கீழே ஒன்றிலிருந்து நாற்பத்து நான்குவரை நம்பர்கள்.

மாமனார் அதை மூன்று முறை படித்தார்.

"எல்லாத்தையுமாம்மா?"

"எல்லாத்தையும் மாமா."

"ஒண்ணொண்ணா பார்த்து, வேண்டாததை மட்டும் அடிச்சிட்டா..."

"அதுக்கு நேரம் இல்லை. மூணு மணிக்கு வராங்க."

"இதுல சிலது நிஜமாவே..."

"மாமா! பூனை மாமா, பூனை!" குரல் அவளையும் அறியாமல் உயர்ந்துவிட்டது. "இந்தத் தெருவுல ஒருத்தர் வீட்டுலயும் திருட்டு இல்லை, அடிதடி இல்லை. ஆனா ஊர்லயே மோசமான இடம் நம்ம இடம். மூணு குழந்தைங்க போயாச்சு. இன்னிக்கு லைசன்ஸும் போச்சுன்னா நான் கதவைச் சாத்திட்டு உங்களோட மாடியில உட்கார்ந்து பூனையை எண்ண வேண்டியதுதான்!"

மாமனார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போட்டார். அதன் கீழே தேதியும் நேரமும் எழுதினார்.

"இனிமே எழுத மாட்டேன்னும் சொல்லணுமா?"

"சொன்னா நல்லா இருக்கும் மாமா."

"சரி. இனிமே ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை எழுத மாட்டேன், பேச மாட்டேன். போதுமா?"

டீயைப் பாதியிலேயே விட்டுவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். மருமகளுக்குச் சுருக்கென்று இருந்தது. முப்பத்தொரு வருடம் ஊர்ப் புகாரையெல்லாம் பொறுமையாகக் கேட்டவரிடம் இப்படிக் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் வருத்தப்படுவதற்கும் நேரம் வேண்டுமே? வாசலில் முதல் குழந்தை செருப்பைக் கழற்றி எறிந்தபடி வந்துகொண்டிருந்தது.

பத்து மணிக்கு, உதவிக்கு இருக்கும் ஆயாம்மாவிடம் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனாள். கடிதத்தைப் பார்த்ததும் மேஜைக் காவலருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"வாங்கம்மா, வாங்க. உங்க மாமனாருக்குன்னே தனியா ஒரு ஃபைல் வெச்சிருக்கோம். இன்னிக்கு எனக்கு நல்ல நாள்."

நம்பர்களை ஒவ்வொன்றாகத் தட்டி நீக்கினார். வேலையில் இவ்வளவு உற்சாகத்தை அந்த நிலையம் பார்த்து நாளாகியிருக்கும்.

"எல்லாம் ஒண்ணுமில்லாத புகார்தானே சார்? பதினேழாவது நம்பர் வெறும் பூனை, இல்லையா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"நான் எங்கம்மா படிச்சேன்? முதல்ல ஒரு பத்து படிச்சேன். அப்புறம் அவர் கையெழுத்தைப் பார்த்தாலே நேரா ஃபைலுக்குத்தான்."

இந்த இடத்தில் மருமகள் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவசரத்தில் நீங்களும் நானும் இருந்திருந்தாலும் யோசித்திருக்க மாட்டோம். காவலருக்கு நன்றி சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்பாகவே ஆய்வாளர் அம்மா வந்துவிட்டார். கறாரான மனுஷி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. சுவரில் தாழ்வாக இருந்த பிளக் பாயின்ட்டுகளுக்கு மூடி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வெளிக்கதவுத் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுமா என்று முழங்கால் போட்டு உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். தீயணைப்புக் கருவியின் தேதியைப் படித்தார். தூங்கும் அறைக்குள் செருப்பில்லாமல் நுழைந்து, பதினொரு பாய்களையும் எண்ணிவிட்டு வெளியே வந்தார்.

"மாலையில யார் வந்து கேட்டாலும் குழந்தையை அனுப்புவீங்களா?"

"இல்லைங்க. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு அட்டை. அட்டையைக் காட்டினாத்தான் அனுப்புவோம். இல்லைன்னா அம்மா அப்பாவுக்குப் போன் பண்ணிக் கேப்போம்."

ஆய்வாளர் தலையாட்டிவிட்டுத் தன் போனில் வரைபடத்தைத் திறந்தார். நான்கு தெருக்களும் பச்சையாக இருந்தன.

"காலையில சிவப்பா இருந்துச்சே?"

"கணக்குல தப்பு இருந்துச்சுங்க. சரி பண்ணிட்டாங்க."

"எப்படியோ," என்று ஆய்வாளர் படிவத்தில் எழுதத் தொடங்கினார். "முப்பது நாளைக்குத் தற்காலிக உரிமம் தரேன். அதுக்குள்ள இந்த முகவரியிலேர்ந்தோ இந்த முகவரியைப் பத்தியோ ஸ்டேஷன்ல ஒரே ஒரு புகார் பதிவானாலும் இது ரத்து. அப்புறம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். புரியுதா?"

"ஒரு புகாரும் வராதுங்க," என்றாள் மருமகள், அத்தனை உறுதியாக.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் குடை, குழந்தைகள் பிடிக்கும் அளவு.

"பட்டாணியை அனுப்புங்க. அவ அம்மா ஆபீஸ்ல மீட்டிங்ல மாட்டிக்கிட்டாங்க. நான் மாமா முறை."

பட்டாணி என்பது மூன்று வயதுக் குழந்தையின் செல்லப் பெயர். அவளுடைய அம்மா ஆபீஸில் வேலை செய்வதும் உண்மை. அவன் நின்ற விதத்திலும் சிரித்த விதத்திலும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"அட்டை இருக்குங்களா?"

"அவசரத்துல குடுக்க மறந்துட்டாங்க போல."

"பரவாயில்லை, ஒரு நிமிஷம் இருங்க. போன் பண்ணிக் கேட்டுடறேன்."

பட்டாணியின் அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். "நான் யாரையும் அனுப்பலையே! எனக்கு அண்ணன் தம்பியே கிடையாதே!"

மருமகள் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கதவைத் தாண்டி இரண்டடி போயிருந்தான். "சரி, அவங்களே வரட்டும்," என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு நடந்தான். ஓடவில்லை. தெருமுனை வரைக்கும் சாவகாசமாக நடந்து போனான்.

வெளிக்கதவைப் பூட்டினாள். குழந்தைகளை உள்ளறைக்கு அனுப்பச் சொல்லி ஆயாம்மாவிடம் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். கணவன் இரண்டு மாடிக்கு நடுவில் இருப்பான். சொல்வதற்கு இருந்தவர் மாமனார் ஒருவர்தான்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கவுண்டரில் இருந்த பழக்கம்.

"மஞ்சள் குடையா?"

"ஆமா மாமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்தொண்ணாவது நம்பர்," என்றார். "ஏழு வாரத்துக்கு முன்னாடி. எதிர்ல பூட்டிக் கிடக்கற கடை வாசல்ல, குழந்தைங்க வெளியில விளையாடற நேரமா பார்த்து வந்து நிப்பான். முக்கால் மணி நேரம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, வளர்ந்த ஆளுக்குச் சின்னக் குடை எதுக்குன்னு எழுதினேன். முப்பத்தாறும் அவன்தான். நாற்பதும் அவன்தான்."

மருமகள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பட்டாணியின் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஏழு வாரம் எதிரில் நின்று கேட்டால் பதினொரு பேரின் செல்லப் பெயரும் யாருக்கும் பாடமாகிவிடும்.

"என்கிட்ட ஏன் மாமா சொல்லலை?"

"சொன்னேனே. துண்டு விஷயத்தோட சேர்த்துச் சொன்னேன். நீ 'சரி மாமா, சரி மாமா'ன்னே."

சொல்லியிருப்பார். அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"போய் எழுதிக் குடும்மா," என்றார் அவர் மெதுவாக. "நான் குடுக்க முடியாது. கையெழுத்துப் போட்டுட்டேன். நீ குடு."

இதை எழுதுவதற்கு எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் நடந்ததை நடந்தபடிதான் எழுத வேண்டும்.

"முப்பது நாள் மாமா. ஒரே ஒரு புகார் வந்தாலும் ரத்துன்னு இப்பத்தான் சொல்லிட்டுப் போனாங்க. அவன் ஒண்ணும் பண்ணலையே? குழந்தையை நாம அனுப்பலையே? நாளையிலேர்ந்து வெளியில விளையாட விடாம, கதவைப் பூட்டியே வெச்சுக்கலாம். ராத்திரி உங்க பிள்ளை வந்ததும் யோசிச்சு முடிவு பண்ணலாம்."

மாமனார் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்குப் பட்டாணியின் அம்மா ஓடி வந்தாள். குழந்தையைத் தூக்கி இறுக்கிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வியே, "போலீஸ்ல சொல்லிட்டீங்களா?" என்பதுதான்.

"சொல்லிடறேன்," என்றாள் மருமகள்.

அந்தப் பெண் அதை 'சொல்லிட்டேன்' என்றே எடுத்துக்கொண்டாள். மருமகள் திருத்தவில்லை. மற்ற பெற்றோருக்குப் போன் போட்டு, அட்டை இல்லாமல் யாரையும் அனுப்ப வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் புது விதிமுறை என்றாள். ஒரு பொய்யைச் சொன்னால் அடுத்தது எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஆறரைக்குக் கடைசிக் குழந்தையும் போனது. வீடு அமைதியானதும் மனசாட்சி குடைய ஆரம்பித்தது. சரி, லைசன்ஸ் போனால் போகட்டும், மாமாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்று ஒருவழியாக முடிவுக்கு வந்தாள். காலையில் பாதியில் விட்ட டீக்குப் பதிலாக ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. குளியலறை காலி. மொட்டை மாடியும் காலி.

"ஆயாம்மா, மாமா எங்கே?"

பாய்களை உதறிக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்தாள். "அவரு அப்பவே போயிட்டாரே."

"எப்போ?"

"பட்டாணி அம்மா கிளம்பி ரெண்டு நிமிஷம் இருக்கும். அந்தக் குடைக்காரன் தெருமுனையில நின்னு, அவங்க பின்னாலயே நடந்தானாம். மாடியிலேர்ந்து பார்த்திருக்காரு. அவசர அவசரமா இறங்கி வந்தாரு. ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுங்க ஐயான்னேன். பேச மாட்டேன்னு சொல்லியிருக்கேன்னாரு. செருப்பைக்கூட சரியா மாட்டலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை? நான் இங்கேதானே இருந்தேன்!"

"நீங்க போன்ல இருந்தீங்க. நான் கூப்பிடத்தான் வந்தேன். அவருதான் தடுத்தாரு. அவகிட்ட சொல்லாதே, சொன்னா அவ எழுதியாகணும், லைசன்ஸ் போயிடும்னாரு."

மருமகள் டீயை எங்கே வைத்தாள் என்று தெரியாது. மாமனாரின் நம்பரை அழுத்தினாள். போன் மாடியில், தலையணைக்கு அடியில் அடித்தது. பட்டாணியின் அம்மாவைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவர்கள் வீடு பன்னிரண்டு நிமிட நடை. அவர்கள் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

காவல் நிலையத்துக்குப் போட்டாள். காலையில் பார்த்த அதே காவலர்தான் எடுத்தார். குரலைக் கேட்டதுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னம்மா, காலையிலதானே எல்லாத்தையும் முடிச்சு வெச்சோம்? மறுபடியும் உங்க வீடா?"

"ஆமா சார், எங்க வீடுதான். ஒரு குழந்தை, அதோட அம்மா, என் மாமனார், மூணு பேர். எழுதிக்கோங்க."

"இந்தத் தடவை பூனை இல்லையே?" என்று கேட்டுவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.